நெசவூரின் பன்மொழிச் சூழலும் பள்ளி நூலக வள மையமும்: சேலம் அம்மாபேட்டையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சேலம் மாநகரின் அம்மாபேட்டையும் அதனை அடுத்த நெசவுக் குடியிருப்புகளும் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம், உருது எனப் பல மொழிகள் வீடுகளில் வழங்கும் பகுதிகளாகும். பண்பாட்டுப் பன்மையைப் பேணுவது பள்ளி நூலகத்தின் கடமை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. ஆயினும், அதற்கு வழியாகக் கூறப்படுவது பெரும்பாலும் பல மொழி நூல்களை வாங்கி அடுக்குவதே. இவ்வூரின் வீட்டுமொழிகள் பேச்சில் வாழ்கின்றன. எழுத்தில் அரிதாகவே வாழ்கின்றன. எனவே, வாங்குவதால் மட்டும் இங்குப் பன்மை நூலகத்திற்குள் வந்துவிடாது. பள்ளி நூலகம் வளங்களைத் தானே உருவாக்கும் மையமாக மாற வேண்டும் என்பதையும், அதற்குத் தமிழ் எழுத்தே பொதுப் பாலமாக அமையக்கூடும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: பள்ளி நூலகம், வள மையம், பண்பாட்டுப் பன்மை, சௌராஷ்டிர மொழி, நெசவுச் சொற்கள், அம்மாபேட்டை

முன்னுரை

ஒரு பள்ளியின் நூலகத்தில் எந்த நூல்கள் உள்ளன என்பதைக் கொண்டு, அப்பள்ளி யாரைத் தன் மாணவராகக் கருதுகிறது என்பதை ஓரளவு அறியலாம். பாடநூலும் தேர்வும் எல்லா மாணவருக்கும் ஒன்றே. நூலகம் ஒன்றுதான் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே கருதக்கூடிய இடம். சீர்காழியில் பிறந்த சீ.இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பறையில் வேறொரு மொழியும் பேசும் குழந்தைக்கு உரிய நூல் எது என்னும் வினாவை எழுப்பினால், இவ்விதியின் ஆழம் புலப்படும். அவ்வினாவுக்கு அம்மாபேட்டை போன்ற ஒரு நெசவூரில் எவ்வாறு விடை காணலாம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

அம்மாபேட்டையின் மொழிப் பரப்பு

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று அம்மாபேட்டை. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை, குகை ஆகிய பகுதிகள் நெடுங்காலமாக நெசவோடு பிணைந்தவை. சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றிருப்பது இத்தொழிலின் பழமைக்கும் தனித்தன்மைக்கும் சான்றாகும்.

நெசவு இந்நகருக்குப் பல மொழிகளையும் கொண்டுவந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட செங்குந்தர், தெலுங்கு பேசும் பத்மசாலியர், கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர், சௌராஷ்டிரம் பேசும் பட்டுநூல்காரர் ஆகியோர் சேலத்து நெசவுக் குடியிருப்புகளில் அருகருகே வாழ்கின்றனர். உருது பேசும் குடும்பங்களும் நகரில் உள்ளன. அண்மைக் காலத்தில் வட மாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்தோரின் குழந்தைகளும் இப்பன்மையில் சேர்ந்துள்ளனர்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் ஏறத்தாழ 5.87 விழுக்காட்டினர் தெலுங்கையும், 1.78 விழுக்காட்டினர் கன்னடத்தையும், 1.75 விழுக்காட்டினர் உருதுவையும் தாய்மொழியாகக் குறிப்பிட்டுள்ளனர். அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிவு செய்தோர் 2,47,702 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டினர். மாநில அளவில் சிறிதாகத் தோன்றும் இவ்விழுக்காடுகள், நெசவுத் தெருக்களை உள்ளடக்கிய ஒரு பள்ளியின் வகுப்பறையில் பெரிதாகவே இருக்கக்கூடும். பன்மொழிச் சூழலை மாநிலச் சராசரியைக் கொண்டு அளவிடலாகாது. தெருவைக் கொண்டே அளவிட வேண்டும்.

கேட்கும் மொழியும் படிக்கும் மொழியும்

இப்பகுதியின் வீட்டுமொழிகளை நூலக நோக்கில் இரண்டு வகையாகப் பகுக்கலாம். தெலுங்கு, கன்னடம், உருது ஆகியவை வளமான எழுத்திலக்கியமும் நூல் வெளியீடும் உடையவை. ஆனால், பல தலைமுறைகளாகத் தமிழகத்தில் வாழும் குடும்பங்களில் பலர் தெலுங்கையோ கன்னடத்தையோ பேசுவரே அன்றி, அவற்றின் எழுத்துகளை அறியார். விசயவாடாவிலோ பெங்களூரிலோ அச்சான ஒரு சிறார் நூல், அம்மொழியை வீட்டில் பேசும் சேலத்துக் குழந்தைக்குப் படிக்க இயலாத நூலாகவே இருக்கும். மேலும், அந்நூலின் நடை அக்குழந்தையின் பாட்டி பேசும் வட்டார வழக்கினின்றும் வெகுவாக வேறுபட்டிருக்கும்.

சௌராஷ்டிரத்தின் நிலை இதனினும் வேறானது. அது இந்தோ-ஆரிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கெனத் தனி எழுத்து உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தொ.மு. ராமராய் அவ்வெழுத்தில் நூல்களை அச்சிட முயன்றார். 2008இல் வெளியான ஒருங்குறியின் 5.1 பதிப்பில் அவ்வெழுத்து இடம்பெற்றது. நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914) சௌராஷ்டிரத்தில் பாடிய பத்திப் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. ஆயினும், அவ்வெழுத்தைச் சரளமாகப் படிப்போர் மிகச் சிலரே. சிறார்க்கான நூல்கள் மிகக் குறைவு.

இம்மொழியைப் பற்றிய ஆய்வுகளின் வரலாறு ஒரு முரணைக் காட்டுகிறது. சப்பானிய மொழியியலாளர் நொரிகிகோ உச்சிடா, சௌராஷ்டிரரின் வாய்மொழி இலக்கியம் குறித்து 1979இல் ஒரு நூலை வெளியிட்டார். 1990இல் சௌராஷ்டிர–ஆங்கில அகராதி ஒன்றையும் வெளியிட்டார். தமிழகத் தெருக்களில் பேசப்படும் மொழி அயல்நாட்டு அறிஞரின் ஆய்வுப் பொருளாகும் அளவுக்குச் செறிவுடையது. ஆனால், அம்மொழியைப் பேசும் குழந்தை ஏந்திப் படிக்கத்தக்க நூலாக அச்செறிவு மாறவில்லை. அறிஞருக்கான ஆவணத்திற்கும் குழந்தைக்கான நூலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே பள்ளி நூலகம் பணியாற்ற வேண்டிய களம்.

சட்டமும் கொள்கையும் தரும் இடம்

இத்தகைய பணிக்குச் சட்டத்தில் இடமுண்டு. அரசமைப்பின் 29ஆம் பிரிவு தனித்த மொழியும் எழுத்தும் பண்பாடும் உடைய மக்கள் அவற்றைப் பேணும் உரிமையை அளிக்கிறது. 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம் வழிச் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கற்பிக்கும் வசதிகளைப் பற்றிப் பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள்கள், இதழ்கள், கதைநூல்கள் உள்ளிட்ட பல்துறை நூல்களைக் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என விதிக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வழங்க வழிவகை செய்யப்பட்டது.

பன்னாட்டு அளவில், யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பன்மை குறித்த உலகப் பேரறிக்கை 2001இல் வெளியானது. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாக்கிய பன்பண்பாட்டு நூலகக் கொள்கையறிக்கை, பிற மொழி நூல்களைச் சேர்ப்பதோடு வாய்மொழி மரபுகளைப் பேணுவதையும் நூலகத்தின் பணியாகக் கருதுகிறது. இக்கருத்து நெசவூர்ப் பள்ளிக்கு மிகவும் பொருந்துவதாகும்.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டமும் இங்குக் கருதத்தக்கது. அச்சட்டப்படி 2006–07 கல்வியாண்டில் முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடமாகிப் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு விரிந்தது. தமிழோ ஆங்கிலமோ தாய்மொழியல்லாத மாணவர் தம் தாய்மொழியை விருப்பப் பாடமாகப் பயில அச்சட்டம் இடம் தருகிறது. இச்சட்டம் குறித்து மொழிச் சிறுபான்மையினரிடையே மாற்றுக் கருத்துகள் எழுந்தன, வழக்குகளும் நடந்தன. நூலக நோக்கில் அதன் விளைவு ஒன்று முக்கியமானது. வீட்டுமொழி எதுவாயினும், வகுப்பில் உள்ள குழந்தைகள் அனைவரும் தமிழ் எழுத்தைப் பயில்கின்றனர். இப்பொது எழுத்தறிவை வீட்டுமொழிகளுக்கும் பயன்படுமாறு செய்ய முடியுமா என்பது பின்னர் ஆராயப்படும்.

கண்ணாடியும் சன்னலும்

சிறார் இலக்கியம் குறித்து அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் முன்வைத்த உருவகம் இத்துறையில் பரவலாக வழங்குகிறது. நூல் குழந்தைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறரைக் காட்டும் சன்னலாகவும், பிறர் உலகிற்குள் நுழையும் கதவாகவும் அமையலாம் என்பது அவர் கருத்து. கண்ணாடி கிட்டாத குழந்தை, தன் வீடும் மொழியும் நூலுக்குத் தகுதியற்றவை என எண்ணத் தொடங்குகிறது. சன்னல் கிட்டாத குழந்தையோ, தன் வீடு மட்டுமே உலகம் என எண்ணிவிடுகிறது. இரண்டும் இழப்பே.

தமிழில் இவ்வகைக் கண்ணாடிக்கு எடுத்துக்காட்டுகள் இல்லாமல் இல்லை. கும்பகோணத்தைச் சேர்ந்த எம்.வி. வெங்கட்ராம் (1920–2000), சௌராஷ்டிர நெசவாளர் வாழ்வைத் தம் ‘வேள்வித்தீ’ நாவலில் தமிழில் எழுதினார். ‘காதுகள்’ நாவலுக்காக 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், வீட்டில் ஒரு மொழியும் எழுத்தில் தமிழுமாக வாழ்ந்த படைப்பாளி. மேல்நிலை வகுப்பு மாணவர் அவரை அறிவது, தம் இருமொழி வாழ்வு குறைபாடன்று என்பதை உணர வழிவகுக்கும்.

சன்னலுக்கும் நெசவே நல்ல சட்டமாகும். திருவள்ளுவரை நெசவாளராகக் கூறும் மரபு தமிழில் உண்டு. காசியில் வாழ்ந்த கபீர் நெசவாளர். கன்னட வசன இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான தேவர தாசிமய்யாவும் நெசவாளர் என்பது மரபு. தேவாங்கர் அவரைத் தம் குலப் பெரியாராகப் போற்றுகின்றனர். இம்மூவரைப் பற்றிய எளிய நூல்களை ஓரிடத்தில் வைத்தால், தமிழ், இந்தி, கன்னடம் ஆகிய மொழிகளைச் சேர்ந்த மூன்று மரபுகள் ஒரே தறியின் இழைகளாகக் குழந்தைக்குத் தெரியும்.

வாங்கும் நூலகமும் உருவாக்கும் நூலகமும்

எனினும், மேற்கூறிய நூல்கள் வாங்கக் கிடைப்பவை. அம்மாபேட்டையின் வீட்டுமொழிகளில் வழங்கும் தாலாட்டு, விடுகதை, பாட்டி கதை, தொழிற்சொல் ஆகியன கடையில் கிடைப்பவை அல்ல. எனவே, பள்ளி நூலகம் வாங்கும் நிலையிலிருந்து உருவாக்கும் நிலைக்கு நகர வேண்டியுள்ளது. ‘வள மையம்’ என்னும் சொல்லுக்கு அப்போதுதான் முழுப்பொருள் கிட்டும். இங்குக் கூறப்படும் மையம் ஆசிரியர் பயிற்சிக்கான வட்டார வள மையத்தினின்றும் வேறுபட்டது, பள்ளிக்குள்ளேயே அமைவது.

இவ்வாறு உருவாக்கத்தக்க வளங்களுள் முதலாவது பன்மொழித் தறிச்சொல் அகராதி. பாவு, ஊடை, நாடா, விழுது, அச்சு, படமரம், தார் என ஒவ்வொரு கருவிக்கும் செயலுக்கும் ஒரு படம் வரைந்து, அதன்கீழ்த் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் ஆகிய மொழிகளில் நெசவாளர் வழங்கும் சொற்களை எழுதலாம். சில சொற்கள் மொழி கடந்து ஒன்றாகவே இருப்பதையும், சில முற்றிலும் வேறுபடுவதையும் மாணவர் தாமே கண்டறிவர். இவ்வகராதிக்குக் கால நெருக்கடி உண்டு. கைத்தறியின் இடத்தை விசைத்தறி பிடிக்கும்போது, குழித்தறியோடு தொடர்புடைய சொற்களும் புழக்கத்தை இழக்கின்றன. தறியில் அமர்ந்த கடைசித் தலைமுறை மறைந்தபின் அச்சொற்களைக் கேட்டறிய வழியிராது.

இரண்டாவது, ஒலிப்பதிவுத் தொகுப்பு. மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்கும் கதைகளையும் பாடல்களையும் கைப்பேசியில் பதிந்து, பேசியவர் பெயர், மொழி, நாள், பொருள் ஆகியவற்றைக் குறித்து நூலகத்தில் சேர்க்கலாம். மூன்றாவது, விழாக்கோப்பு. ஆடி மாத மாரியம்மன் விழாவில் சேலத்துக்கே உரிய வண்டி வேடிக்கை, தேவாங்கரின் சவுடேஸ்வரி அம்மன் விழாவில் இடம்பெறும் கத்தி போடுதல், இசுலாமியர், கிறித்தவர் விழாக்கள் ஆகியவற்றைப் படங்களோடும் மாணவர் எழுதிய குறிப்புகளோடும் தொகுக்கலாம். நான்காவது, ஒரு பக்கம் வீட்டுமொழியும் எதிர்ப்பக்கம் தமிழும் கொண்ட இருமொழிக் குறுநூல்கள்.

எழுத்துச் சிக்கலும் தீர்வும்

வீட்டுமொழிக் கதையை எந்த எழுத்தில் எழுதுவது என்பது எளிய வினாவன்று. சௌராஷ்டிரத்திற்குத் தனி எழுத்து, தேவநாகரி, தமிழ் எழுத்து ஆகிய மூன்றும் பயன்பட்டு வந்துள்ளன. ஒவ்வொன்றையும் ஆதரிப்போர் உள்ளனர். தனி எழுத்து அடையாளத்தின் சின்னம் என்பதில் ஐயமில்லை. ஆனால், பள்ளி நூலகத்தின் முதற்கடமை இன்றைய குழந்தையை இன்றே படிக்கச் செய்வதாகும்.

இதற்கு ஒடிசாவின் பட்டறிவு உதவும். அம்மாநிலம் 2006–07 முதல் பழங்குடிக் குழந்தைகளுக்குத் தாய்மொழி அடிப்படையிலான பன்மொழிக் கல்வியைச் செயற்படுத்தியபோது, பல பழங்குடி மொழிகளின் தொடக்க நூல்களை ஒடியா எழுத்திலேயே உருவாக்கியது. குழந்தை பின்னர்க் கற்கவேண்டிய எழுத்தே தாய்மொழிக்கும் வாயிலாயிற்று. அம்மாபேட்டையில் தமிழ் எழுத்து இவ்விடத்தை வகிக்க முடியும். தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப ஆகியவற்றின் ஒலிப்பு வேறுபாடுகளைக் காட்டத் தனி எழுத்துகள் இல்லை என்பது உண்மையே. வடமொழித் தோத்திர நூல்களில் க², க³, க⁴ என எண்ணிட்டுக் காட்டும் முறை தமிழ் அச்சுலகில் பழக்கமானது. சௌராஷ்டிர நூல்களும் இம்முறையைக் கையாண்டுள்ளன. சிறார் நூலுக்கு இவ்வெண்களும் மிகையாகத் தோன்றினால், ஒலிப்பதிவு அக்குறையை நீக்கும். எழுத்து நினைவூட்டும், ஒலி திருத்தும்.

தமிழ் எழுத்தைத் தெரிவு செய்வதில் மற்றொரு நன்மையும் உண்டு. சௌராஷ்டிரக் கதையை அம்மொழி பேசாத மாணவரும் வாய்விட்டுப் படிக்க இயலும். கண்ணாடியாக உருவான நூல், அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவருக்குச் சன்னலாகிவிடுகிறது. தனி எழுத்தில் அமைந்த நூலுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அவ்வெழுத்தை விழைவோர்க்காக நூலின் இறுதியில் ஓர் எழுத்து அட்டவணையைச் சேர்க்கலாம்.

அடுக்கும் முறை

உருவாக்கிய வளங்களை எங்கு வைப்பது என்பதும் பண்பாட்டு முடிவே. தூவி தசமப் பகுப்பின்படி தமிழ் மொழி நூல்கள் 494.811, கன்னட மொழி நூல்கள் 494.814, தெலுங்கு மொழி நூல்கள் 494.827 என அருகருகே அமையும். இந்தோ-ஆரிய மொழியான சௌராஷ்டிரமோ 491.4 பிரிவுக்குச் சென்றுவிடும். கைநெசவு 746.14இலும் துணித்தொழில் 677இலும் அமையும். மொழியியல் நோக்கில் இது சரியே. ஆனால், ஒரே தெருவின் வாழ்வு நான்கு அடுக்குகளில் சிதறிப்போகிறது.

பகுப்பெண்ணை மாற்றாமல், ‘எங்கள் ஊர்’ என்னும் பொருளடுக்கு ஒன்றைத் தனியே அமைத்து, எல்லா மொழி வளங்களையும் அங்கு ஒன்றாக வைப்பது தக்க தீர்வாகும். ‘சிறுபான்மை மொழிகள்’ எனப் பெயரிட்டு ஒரு மூலையில் வைத்தால், அம்மூலைக்குச் செல்லும் குழந்தை பிறர் பார்வைக்கு இலக்காகும். அதனைத் தவிர்க்க வேண்டும்.

எச்சரிக்கைகள்

நெசவூரில் மொழி பெரும்பாலும் சாதியோடு இணைந்தது. ஆகவே, பண்பாட்டுப் பன்மை என்னும் பெயரில் சாதிப் பெருமை நூலகத்திற்குள் நுழையும் வாய்ப்புண்டு. இதனைத் தடுக்க மூன்று நெறிகள் தேவை. வளங்களை மொழி, தொழில், தெரு என்னும் தலைப்புகளில் தொகுக்க வேண்டும். சாதித் தலைப்பில் தொகுக்கலாகாது. எந்தக் குழந்தையையும் சாதியையோ வீட்டுமொழியையோ வெளிப்படுத்துமாறு வற்புறுத்தலாகாது. தறி உடையோரின் கதைகளோடு கூலி நெசவாளர், சாயப்பட்டறைத் தொழிலாளர், தூய்மைப் பணியாளர், புலம்பெயர்ந்து வந்தோர் ஆகியோரின் கதைகளும் இடம்பெற வேண்டும். இவர்கள் விடுபட்ட தொகுப்பு பன்மையைக் காட்டுவதாகாது.

ஒப்புதலும் இன்றியமையாதது. கதை சொன்னவர் அல்லது பாடியவரின் இசைவைப் பெற்ற பின்னரே பதிவைச் சேர்க்க வேண்டும். ஒரு படியை அக்குடும்பத்திற்கு அளிக்க வேண்டும். வழிபாட்டுக்குரிய பாடல்களைப் பொதுவில் வைக்க விரும்பாதோரின் முடிவை மதிக்க வேண்டும்.

செயற்படுத்தும் வழி

அரசுப் பள்ளிகள் பலவற்றில் நூலகப் பொறுப்பை ஓர் ஆசிரியரே தம் பாடவேளைகளோடு கூடுதலாக ஏற்கிறார். எனவே, இத்திட்டம் அவர்மீது புதிய சுமையாக அமையலாகாது. தமிழ், சமூக அறிவியல் பாடங்களின் செயல்திட்டங்களையே தொகுப்புப் பணியாக மாற்றலாம். முதற்பருவத்தில் தறிச்சொல் அகராதி, இரண்டாம் பருவத்தில் ஒலிப்பதிவு, மூன்றாம் பருவத்தில் குறுநூல் என ஓராண்டில் ஒரு சுற்று நிறைவுறும். முன்னாள் மாணவரும் நெசவுக் கூட்டுறவுச் சங்கத்தாரும் சொற்சரிபார்ப்புக்கு உதவலாம். அருகிலுள்ள கல்லூரித் தமிழ்த்துறை மாணவர் பதிப்பு நெறிகளைக் கற்பிக்கலாம்.

உருவான கதைகளைப் பள்ளிக்கு வெளியே கொண்டுசெல்லவும் வழியுண்டு. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம், திறந்த உரிமத்தில் பன்மொழிச் சிறார் கதைகளை வெளியிடவும் மொழிபெயர்க்கவும் இடமளிக்கிறது. பள்ளிக் கல்வித்துறை வெளியிடும் தேன்சிட்டு போன்ற சிறார் இதழ்களுக்கும் அவற்றின் தமிழ் வடிவங்களை அனுப்பலாம். நூலக மானியத்தின் ஒரு பகுதி படியெடுப்புக்கும் கட்டமைப்புக்கும் போதுமானது.

முடிவுரை

அம்மாபேட்டை போன்ற நெசவூர்களில் பண்பாட்டுப் பன்மை என்பது வெளியிலிருந்து பள்ளிக்குக் கொண்டுவர வேண்டிய ஒன்றன்று. அது நாள்தோறும் மாணவரோடு பள்ளி வாயில்வரை வந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. அதனை உள்ளே அழைக்கும் கருவி நூலகம். இப்பகுதியின் வீட்டுமொழிகள் எழுத்தில் அரிதாக இருப்பதால், நூல் வாங்குவதோடு நூலகத்தின் பணி முடிவதில்லை. கேட்டுப் பதிந்து, எழுதி, அடுக்கி, பகிரும் பணியும் அதனுடையதே. தமிழ் எழுத்து இப்பணிக்கு வாயிலாகும்போது, தமிழும் பிற மொழிகளும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை. ஒன்று மற்றொன்றைத் தாங்க முடியும்.

தறிச்சொற்களையும் வீட்டுக் கதைகளையும் அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே இப்பணி தொடங்கப்பட வேண்டும். ஒவ்வொரு மொழிக்கும் உரிய வட்டார வழக்குகளை ஒப்பிடுதல், தமிழ் எழுத்தில் அவற்றை எழுதும் சீர்மையை வகுத்தல், மாணவரின் வாசிப்பில் இருமொழிக் குறுநூல்களின் பங்கை அளவிடுதல் ஆகியன இத்துறையில் மேலாய்வுக்கு உரியன.